ஆறு மாதத்துக்கு ரேஞ்சர்

(எமது சங்கத்தின் ஞாயிறு கல்வி வகுப்பில் நிகழ்த்திய உரை)



இன்றைக்குப் பேசப்போகிற விஷயத்தைக் கேட்டதும், "கொழுந்துக் கிலோ கணக்கையே இன்னும் பேசி முடிக்கவில்லை, அதற்குள் அமெரிக்கக் காட்டுக்கு ஏன் போகிறீர்கள்?" என்று சிலர் நினைப்பீர்கள். நாங்களாகப் போகவில்லை. எங்கள் தோட்டத்துத் தம்பி ஒருவர்தான் எங்களை அங்கே இழுத்துக்கொண்டு போனார்.

உயர்தரம் முடித்த பிள்ளை. இரண்டு வருடமாக மரக்கறித் தோட்டத்தில் கைக்காசு வேலை. டவுனில் ஒருவர் அவர் கையில் ஒரு நோட்டீஸைக் கொடுத்திருக்கிறார். அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் ரேஞ்சர் வேலை, ஆறு மாத சீசன், பயிற்சியும் உண்டு, இடம் பிடிக்க முதலில் காசு கட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. அகலத் தொப்பி போட்ட ரேஞ்சர் படம் வேறு. அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போய்விட்டது. மீதிக் காசுக்கு வட்டிக்கு எங்கே கேட்கலாம் என்று விசாரிக்கத்தான் தம்பி சங்கக் காரியாலயத்துக்கு வந்தார். நல்ல வேளை, நோட்டீஸையும் கொண்டுவந்தார்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். நோட்டீஸில் இருந்தது முழுப் பொய் அல்ல, அதனால்தான் பிள்ளை நம்பினார். அப்படி ஒரு வேலை உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அமெரிக்கப் பிரஜைகளைத்தான் அதற்கு எடுப்பார்கள். விண்ணப்பம் அந்த அரசாங்கத்தின் சொந்த இணையத்தளம் வழியாகத்தான், அதற்கு ஒரு சதமும் கட்டணம் இல்லை. எந்த ஏஜென்சியாலும் அதில் இடம் பிடித்துத் தர முடியாது.

இதோடு பேச்சை முடித்திருக்கலாம். ஆனால் அந்த வேலையைப் பற்றித் தேடித் தேடிப் படித்தபோது, இது எங்கள் வகுப்பில் பேச வேண்டிய கதைதான் என்று பட்டது. துப்பாக்கி, சட்டைப்பையில் பட்ஜ், அரசாங்கச் சீருடை எல்லாம் உள்ள ஒருவர் எப்படிக் கைக்காசுத் தொழிலாளியாக இருக்க முடியும்? கொஞ்சம் பார்ப்போம்.

அமெரிக்காவின் முதலாவது தேசியப் பூங்கா யெலோஸ்டோன். 1872இல் ஆரம்பித்தார்கள். 1880இல் அங்கே விலங்குகளைப் பாதுகாக்க ஹரி யவுண்ட் என்ற ஒரே ஒரு ஆளைப் போட்டார்கள். அந்தப் பெரிய காட்டுக்கு ஒரு மனிதன்! அடுத்த வருடமே வேலையை விட்டுவிட்டார். விடும்போது, ஒரு ஆளால் இது முடியாது, ஒரு படையே வேண்டும் என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். முதலாவது ரேஞ்சர் என்று இன்றைக்கு அவரைக் கொண்டாடுகிறார்கள். ஆள் பற்றாக்குறை என்று முதன்முதலில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தவரும் அவர்தான், அது எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

வெகுகாலம் ரேஞ்சர் என்றால் வழிகாட்டி, தீ அணைப்பவர், காட்டுக் காவல்காரர், எல்லாம் ஒரே ஆள்தான். 1970 ஜூலை 4ஆம் திகதி யொசெமிட்டி பூங்காவில் இளைஞர்களுக்கும் ரேஞ்சர்களுக்கும் பெரிய மோதல் நடந்தது. கூட்டத்தைச் சமாளிக்கும் பயிற்சி ரேஞ்சர்களுக்கு இல்லை என்பது நாடு முழுக்கத் தெரிந்துபோனது. அதற்குப் பிறகுதான் ஒரு பகுதியினருக்கு முழுப் பொலிஸ் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். சட்ட அமுலாக்க ரேஞ்சர் என்று அவர்களைச் சொல்வார்கள். குடித்துவிட்டு வாகனம் ஓட்டுபவரைப் பிடிப்பது, களவு, அடிதடி, வேட்டைக்காரர், காணாமல் போனவரைத் தேடுவது, பாறையில் விழுந்தவருக்கு முதலுதவி கொடுத்துத் தூக்கி வருவது எல்லாம் இவர்கள் தலையில்தான்.

ஆபத்தான வேலை. 2012 ஜனவரி 1ஆம் திகதி மவுண்ட் ரெய்னியர் பூங்காவில் சோதனைச் சாவடியில் நிற்காமல் போன காரை மறிக்க மார்கரட் அண்டர்சன் என்ற ரேஞ்சர் தன் வாகனத்தை வீதிக்குக் குறுக்கே விட்டார். காரில் வந்தவன் சுட்டதில் இறந்துபோனார். 34 வயது, இரண்டு சின்னப் பெண் பிள்ளைகள். கணவரும் அதே பூங்காவில் ரேஞ்சர்.

இப்போது சீசனுக்கு வருவோம். 2024இல் அந்த நாட்டுத் தேசியப் பூங்காக்களைப் பார்க்க வந்தவர்கள் 33 கோடிக்கு மேல். பெருங்கூட்டம் கோடைக்குத்தான் வரும். அப்போது தற்காலிக ரேஞ்சர்களை எடுப்பார்கள், கூட்டம் குறைந்ததும் அனுப்பிவிடுவார்கள். தெற்கே பாலைவனப் பக்கத்துப் பூங்காக்களுக்கும் புளோரிடாவின் எவர்கிளேட்ஸுக்கும் சீசன் குளிர்காலத்தில். அதனால் பலர் கோடையில் வடக்கே, குளிரில் தெற்கே என்று சட்டி பானையைக் காரில் ஏற்றிக்கொண்டு வருடா வருடம் ஓடுகிறார்கள்.

இந்த வேலைக்கு எப்படிப் போவது? 21 வயது நிறைந்திருக்க வேண்டும். சாரதி அனுமதிப்பத்திரம், வைத்தியப் பரிசோதனை, உடல் தகுதிச் சோதனை, பின்னணி விசாரணை எல்லாம் உண்டு. அதற்கு முன்னால் பயிற்சி. வட கரோலைனா, அரிசோனா, கொலராடோ, வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் சில கல்லூரிகள் பூங்காச் சேவையின் அங்கீகாரத்தோடு இதை நடத்துகின்றன. சுமார் நான்கு மாதம், 600 மணித்தியாலத்துக்கு மேல். சட்டம், துப்பாக்கி, கைது செய்யும் முறை, வாகனம் ஓட்டுவது, விசாரணை எழுதுவது எல்லாம் படிக்க வேண்டும். காலையில் ஓட்டம், பகலில் பாடம். கஷ்டமான பயிற்சி, தரமான பயிற்சி. அதில் குறை சொல்ல எங்களுக்கு ஒன்றும் இல்லை.

குறை எங்கே என்றால், காசு யார் கட்டுவது என்பதில்தான். பயிற்சி பெறுபவரே கட்ட வேண்டும். பல ஆயிரம் டொலர் கட்டணம், நான்கு மாதம் தங்குவதும் சாப்பிடுவதும் சொந்தச் செலவு, அந்த நான்கு மாதமும் உழைப்பு இல்லை. அம்புலன்ஸ் முதலுதவிச் சான்றிதழ் இருந்தால் நல்லது என்பதால் பலர் அதையும் சொந்தக் காசில் எடுக்கிறார்கள். எல்லாம் முடித்து வெளியே வந்தாலும் வேலை நிச்சயம் இல்லை. பூங்கா பூங்காவாக விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

நிரந்தர ரேஞ்சர் ஒருவரை எடுத்தால்? ஜோர்ஜியா மாநிலத்தில் உள்ள அரசாங்கப் பயிற்சி நிலையத்துக்கு அவரை அனுப்புவார்கள். கட்டணம் அரசாங்கத்தின் தலையில், படிக்கிற காலத்துக்குச் சம்பளமும் உண்டு. அதாவது முதலில் வேலை, பிறகு பயிற்சி. தற்காலிகக்காரருக்கு முதலில் பயிற்சி, பிறகு வேலை கிடைத்தால் கிடைக்கும். இரண்டு பேரும் ஒரே வீதியில் ஒரே தொப்பியோடு நிற்கிறார்கள். நிறுத்துகிற காருக்குள் இருப்பவன் எப்படிப்பட்டவன் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது.

தாய்மார் கவனமாகக் கேட்க வேண்டிய கணக்கு இனி வருகிறது. அங்கே தற்காலிகப் பருவ ஊழியரை அடுத்த வருடம் மறுபடி போட்டி இல்லாமல் அதே வேலைக்குக் கூப்பிட வேண்டுமானால், ஒரு வருடத்தில் அவர் வேலை செய்வது ஆறு மாதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். மணித்தியாலக் கணக்கில் 1,039. ஆறு மாதம் என்றால் 1,040. ஒரே ஒரு மணித்தியாலம் குறைத்து நிறுத்தியிருக்கிறார்கள்! சேவைக்காலம் கூடினால் உரிமை வந்துவிடும் என்று, நாள் நெருங்கும்போது "இரண்டு கிழமை வீட்டில் இரு" என்று சொல்லிப் பெயரை வெட்டிவிட்டுப் புதிதாகப் பதிகிற வித்தையை எங்கள் வயதான தோழர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்த வித்தையை எங்கள் பக்கத்துத் துரைமார்தான் கண்டுபிடித்தார்கள் என்று இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

வீட்டுக் கதையும் அப்படித்தான். ஊரிலிருந்து தூரமான பூங்காக்களில் தங்குவதற்கு அரசாங்க விடுதிதான், வாடகை சம்பளத்தில் வெட்டப்படும். சீசன் முடிந்தால் விடுதியும் முடிந்தது. வேலையோடு சேர்ந்து கூரையும் போகும் என்ற பயத்தை லயத்தில் பிறந்த எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதைவிட மோசமானது ஓய்வூதியம். நிரந்தர சட்ட அமுலாக்க ரேஞ்சர் 20 வருடம் சேவை முடித்தால் 50 வயதில் ஓய்வூதியத்தோடு போகலாம். கட்டாய ஓய்வு 57இல். அதனால் பொதுவாக 37 வயதுக்குள் நிரந்தரமாகச் சேர்ந்துவிட வேண்டும். தற்காலிகமாக வேலை செய்த சீசன்கள் அந்த 20 வருடத்தில் சேராது. ஒருவர் 24 வயதில் தொடங்கி, இந்த வருடம் வரும், அடுத்த வருடம் வரும் என்று பத்துப் பன்னிரண்டு சீசன் ஓடினால் என்ன ஆகும்? அவர் உழைத்த காலம் ஓய்வூதியக் கணக்கில் இல்லை. அவருடைய வயது மட்டும் கணக்கில் ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில், நீங்கள் அனுபவசாலி, ஆனால் வயது கடந்துவிட்டது என்பார்கள்.

பிறகு ஏன் போகிறார்கள் என்று கேட்பீர்கள். அந்த மலையும் காடும் ஆளைப் பிடித்துக்கொள்கிறது, அதுதான் காரணம். விடிகாலைப் பனியில் கொழுந்து மலையைப் பார்த்தவர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. ஆனால் வேலையில் உள்ள ஆசையைக் காட்டியே சம்பளத்தைக் குறைப்பது எங்கேயும் நடக்கிறது.

கையைக் கட்டிக்கொண்டு அவர்கள் சும்மா இருக்கவும் இல்லை. வெகுகாலமாகப் பருவ ஊழியருக்கு அரசாங்க வைத்தியக் காப்புறுதியே கிடையாது. அந்த நாட்டில் காப்புறுதி இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் வீடு வாசலை விற்க வேண்டிவரும். 2014இன் கடைசியில் வந்த விதியால், 90 நாளாவது வேலை உள்ள பருவ ஊழியர் அதில் சேர வழி பிறந்தது. 2015 ஓகஸ்டில் இன்னொரு சட்டம் வந்தது. தற்காலிகமாக மொத்தம் 24 மாதம் வேலை செய்தவர், உள்ளே இருக்கிற நிரந்தர ஊழியரைப் போலவே நிரந்தர வெற்றிடங்களுக்குப் போட்டியிடலாம் என்றது. அதற்கு முன்னால் பதினைந்து வருடம் உழைத்தவரையும் வெளியாளாகத்தான் பார்த்தார்கள். இந்தச் சட்டத்துக்காகப் பல வருடம் கதவு கதவாகத் தட்டியது கூட்டாட்சி ஊழியர் தேசிய சம்மேளனம் என்ற தொழிற்சங்கம்.

கிடைத்ததைக் காப்பாற்றுவதும் லேசாக இருக்கவில்லை. 2025 ஜனவரியில் அரசாங்கம் ஆட்சேர்ப்பை நிறுத்தியபோது, பருவ வேலைக்குக் கடிதம் கிடைத்திருந்த பலருக்கு அந்த வேலை இல்லை என்று அறிவித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் பருவ ஊழியரை எடுக்க அனுமதித்தார்கள். பெப்ரவரி 14ஆம் திகதி பூங்காச் சேவையில் நன்னடத்தைக் காலத்தில் இருந்த சுமார் 1,000 பேரை ஒரே நாளில் நீக்கினார்கள். வருடக்கணக்காகச் சீசன் சீசனாக ஓடி, அப்போதுதான் நிரந்தரமானவர்களும் அதில் இருந்தார்கள். பிறகு நீதிமன்றம் திரும்ப எடுக்கச் சொன்னது.

அந்த வருடம் கோடையில் யொசெமிட்டியிலும், பக்கத்தில் உள்ள செக்குவோயா, கிங்ஸ் கென்யன் பூங்காக்களிலும் தொழிற்சங்கம் வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தது. 97 வீதத்துக்கு மேல் வேண்டும் என்று போட்டார்கள். 600 பேருக்கு மேல் மேலே சொன்ன அதே சம்மேளனத்துக்குள் வந்தார்கள். இத்தனைக்கும் அங்கே அரசாங்க ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை. 1981இல் வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் 11,000 பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். கூலி உயர்வுக்காக நாங்கள் மலையை விட்டு இறங்கி ரோட்டில் உட்காருகிறோமே, அது அவர்களுக்கு முடியாது.

பேச்சு முடிந்ததும் ஒரு தங்கச்சி எழுந்து கேட்டார்: "அப்படியென்றால் எங்களுக்கு இந்த மாதிரி வேலையே இல்லையா? ஹோர்ட்டன் சமவெளி எங்கள் தோட்டத்துக்கு மேலேதானே இருக்கிறது?" நல்ல கேள்வி. அது 1988இலிருந்து தேசியப் பூங்கா, வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. அரசாங்க வெற்றிடங்கள் வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் தமிழிலும் வரும். எங்கள் பிள்ளைகள் அதைப் பார்ப்பதே இல்லை, டவுனில் கொடுக்கிற நோட்டீஸைத்தான் பார்க்கிறார்கள். இந்த மாதம் முதல் வர்த்தமானியில் வரும் வெற்றிடங்களைக் காரியாலயப் பலகையில் ஒட்டப்போகிறோம். விண்ணப்பம் நிரப்பவும் உதவுவோம்.

வெளிநாட்டு வேலை என்று யார் வந்தாலும், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் அவரிடம் இருக்கிறதா, அந்தக் குறிப்பிட்ட வேலைக்கு ஆள் எடுக்க அனுமதி இருக்கிறதா என்று பணியகத்தில் கேட்காமல் காசு கொடுக்காதீர்கள். உள்ளூரில் காசு வாங்கும் பயிற்சி நிலையங்களிலும் கேளுங்கள்: போன வருடம் படித்தவர்களில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், எங்கே, நிரந்தரமாகவா, சேமலாப நிதி கட்டுகிறார்களா? பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

தம்பியின் விஷயம் இன்னும் முடியவில்லை. சங்கத்திலிருந்து இரண்டு பேர் அவரோடு போய்க் கேட்டதில் கட்டிய காசில் பாதி திரும்ப வந்திருக்கிறது. மீதிக்கு இன்றைக்கு நாளைக்கு என்கிறார்கள். தோடு இன்னும் அடகுக் கடையில்தான். இதே நோட்டீஸுக்குக் காசு கட்டியவர்கள் பக்கத்துத் தோட்டங்களிலும் இருப்பதாகக் கேள்விப்படுகிறோம். வெட்கப்பட்டு வீட்டில் இருக்க வேண்டாம். பற்றுச்சீட்டு இருந்தால் அதையும், இல்லாவிட்டால் காசு கொடுத்த திகதியையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக்கொண்டு வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குக் காரியாலயத்துக்கு வாருங்கள். எல்லோருடைய முறைப்பாட்டையும் ஒன்றாகச் சேர்த்துத் திங்கட்கிழமை பணியகத்துக்குக் கொண்டுபோகிறோம்.