ஆங்கிலத்தில் ‘ங்கோ’ எங்கே இருக்கிறது?

(கோலார் தங்கவயல், கோரமண்டலில் நடைபெற்ற அங்கத்தினர் கூட்டத்தில், ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. வெளியூர் அங்கத்தினர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம்.)



என்னைப் பேச அழைத்தபோது காரியதரிசி அவர்கள் ஒரு விஷயம் சொன்னார். “நம் குழந்தைகளுக்கு இங்கிலீஷ் சரளமாக வருகிறது. ஆனால் யாரிடமாவது ஓர் உதவி கேட்டால், அதிகாரம் பண்ணுகிற மாதிரி இருக்கிறது என்கிறார்கள். வெளிநாட்டுக்குப் போய் வருகிற பெரியவர்களுக்கும் இதே சங்கடம். அது ஏன் என்று கொஞ்சம் சொல்லுங்களேன்” என்றார். முப்பது வருஷம் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவனுக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்குமா?

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காக நம் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. பங்காருபேட்டையிலிருந்து மாரிகுப்பம் செல்லும் ரயில் பாதையில் வரும் ஸ்டேஷன்களில் ஒன்று கோரமண்டல். 1880ல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்த நாள் முதல் இது தங்கச் சுரங்கத்தின் பூமி. சிவசமுத்திரத்திலிருந்து 1902லேயே இங்கு மின்சாரம் வந்தது. வெள்ளைக்காரர்கள் பங்களா, கிளப் என்று வாழ்ந்ததால் ‘லிட்டில் இங்கிலாந்து’ என்றே பெயர். 1956ல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 2001 பிப்ரவரி 28ந் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. அதன் பிறகு நம் பிள்ளைகளுக்கு பெங்களூர்தான் கதி. விடியற்காலையில் ரயிலேறி, சுமார் நூறு கிலோமீட்டர் போய், வேலை பார்த்து, இரவு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில்.

நம் ஊருக்கு ஆங்கிலம் இரண்டு வாசல் வழியாக வந்தது என்பது என் அபிப்ராயம். ஒன்று கட்டளை வாசல். ‘கம் ஹியர்’, ‘டூ திஸ்’ என்று மேலதிகாரி சொல்வது. மற்றொன்று மனு வாசல். ‘ஐ பெக் டு ஸ்டேட்’ என்று ஆரம்பித்து ‘யுவர் மோஸ்ட் ஒபீடியண்ட் ஸர்வண்ட்’ என்று முடியும் விண்ணப்பம். ஒன்றில் நாம் கீழே நிற்கிறோம், மற்றொன்றில் கீழே விழுகிறோம். சமமான இரண்டு பேர் ஒருவரையொருவர் கேட்டுக் கொள்ளும் ஆங்கிலம் ஒன்று நடுவில் இருக்கிறது. அதற்கான வாசலை யாரும் நமக்குத் திறந்து காட்டவில்லை. இன்று நம் குழந்தைகளுக்கு வேண்டியிருப்பது அந்த நடு ஆங்கிலம்தான்.

எனக்குத் தெரிந்த இரண்டு சம்பவங்கள் சொல்கிறேன். நம் ஊர்ப் பையன் ஒருவன், பெங்களூரில் ஒரு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவன், வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதினான்: ‘யூ மஸ்ட் ஸெண்ட் தி ஃபைல் டுடே இட்ஸெல்ஃப். கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்.’ அவன் மனசில் இருந்தது ‘இன்னிக்கே அனுப்பணும், தயவு பண்ணுங்கோ’ என்ற வாக்கியம். அதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை. ஆனால் அங்கே போய்ச் சேர்ந்தது ஓர் உத்தரவு. புகார் வந்தது, அவனுடைய வேலை நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப் போயிற்று.

இரண்டாவது, அமெரிக்காவில் பிள்ளை வீட்டில் ஆறு மாதம் தங்கிவிட்டு வந்த ஒரு மாமா. எட்டு வயதுப் பேத்தி ஒரு நாள் அப்பாவிடம், “தாத்தா ஏன் எல்லோருக்கும் ஆர்டர் போடுகிறார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டதாம். அந்த மாமா நம் ஊரில் காய்கறிக்காரரைக்கூட ‘வாங்கோ, போங்கோ’ என்று அழைப்பவர். அவருக்கு எவ்வளவு வருத்தமாக இருந்திருக்கும்!

இருவரிடமும் மரியாதை நிறைய இருந்தது. மொழி மாறும்போது அது வழியில் விழுந்துவிட்டது. எங்கே விழுந்தது என்று பார்ப்போம்.

தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. ‘வா’ என்பதோடு ‘ங்கோ’ சேர்ந்தால் ‘வாங்கோ’. அந்த ஒரு வால் போதும், கட்டளை உபசாரமாகிவிடும். ஆங்கில ‘கம்’முக்கு வாலே கிடையாது. மொழிபெயர்க்கும்போது ‘ங்கோ’ உதிர்ந்து, வெறும் ‘வா’தான் மிஞ்சுகிறது. ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் நம்மைப் போல ‘நீ’, ‘நீங்கள்’ என்ற பேதம் இருந்தது. ‘தௌ’ என்றால் நீ, ‘யூ’ என்றால் நீங்கள். நாளடைவில் எல்லோரையும் ‘யூ’ என்று அழைக்க ஆரம்பித்து, ‘தௌ’ வழக்கொழிந்தது. எல்லோருக்கும் மாலை போட்டால் மாலைக்கு என்ன மதிப்பு? ஆகவே ‘யூ’வில் மரியாதை தங்கவில்லை. அது குடியேறிய இடம்தான் கேன், குட், வில், வுட், மே, மைட், ஷல், ஷுட் என்ற துணைவினைகள். இலக்கணத்தில் ‘மோடல்’ என்பார்கள்.

இதில் ஓர் அழகு. நாம் ஒருவரைப் பலராக்கி மரியாதை கொடுக்கிறோம். அவர்கள் இன்றைய காரியத்தை நேற்றையது போலப் பேசி மரியாதை கொடுக்கிறார்கள். ‘குட்’ என்பது ‘கேன்’ என்பதன் இறந்த கால உருவம், ‘வுட்’ என்பது ‘வில்’லின் இறந்த கால உருவம். காலத்தைச் சற்றுத் தள்ளி வைத்தால் ஆளையும் நெருக்காமல் தள்ளி நிற்பது போல. இரண்டு மொழிகளும் செய்வது ஒன்றே: எதிராளிக்கு இடம் விட்டு நிற்பது.

பெனலபி பிரவுன், ஸ்டீபன் லெவின்ஸன் என்ற இரு அறிஞர்கள் உலக மொழிகளில் மரியாதை எப்படி அமைகிறது என்று ஆராய்ந்து எழுதியது 1978ல் வெளிவந்து, 1987ல் தனிப் புத்தகமாயிற்று. அவர்கள் முக்கியமாக எடுத்துக் கொண்ட மூன்று மொழிகள் ஆங்கிலம், மெக்ஸிகோவின் ட்ஸெல்டால், பிறகு நம் தமிழ். கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் பேச்சுத் தமிழ்! மரியாதையைப் பற்றி உலகம் நம்மிடம் பாடம் கேட்டிருக்கிறது. ஆகவே நாம் புதிதாக மரியாதை கற்கப் போவதில்லை. இருப்பதை இடம் மாற்றி வைக்கப் போகிறோம், அவ்வளவே.

இனி காரியத்துக்கு வருவோம். ஒரே வேண்டுகோளைப் படிப்படியாகச் சொல்லிக் காட்டுகிறேன்.

‘ஸெண்ட் மீ தி ஃபைல்’ – அனுப்பு.
‘கேன் யூ ஸெண்ட் மீ தி ஃபைல்?’ – தெரிந்தவரிடம், கூட வேலை செய்பவரிடம்.
‘குட் யூ ஸெண்ட் மீ தி ஃபைல், ப்ளீஸ்?’ – அனுப்புங்கோ. யாரிடமும் சொல்லலாம்.
‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் ஸெண்ட் மீ தி ஃபைல்’ – உங்களுக்குச் சிரமமில்லை என்றால்...

மூன்றாவது படியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக் கொண்டால் போதும். நான்காவது, பெரிய உதவி கேட்கும்போது. ‘ப்ளீஸ்’ இருந்தால் போதாதா என்று கேட்பீர்கள். ‘ப்ளீஸ் கிவ் மீ’ என்பது ப்ளீஸ் போட்ட கட்டளை, அவ்வளவுதான்.

எப்போது மோடல் வேண்டும், எப்போது வேண்டாம்? என் மாணவர்களுக்கு நான் சொல்லும் சூத்திரம்: லாபம் யாருக்கு என்று பார். லாபம் எனக்கென்றால் ‘குட் யூ’. லாபம் அவருக்கென்றால் வெறும் வினையே உபசாரம். ‘ஹேவ் ஸம் காபி’, ‘டேக் கேர்’ – இவை கட்டளையல்ல. ‘மஸ்ட்’ கூட அப்படித்தான். கல்யாணத்துக்கு ‘யூ மஸ்ட் கம்’ என்றால் ‘அவசியம் வரணும்’ என்ற அதே அன்பு. ‘யூ மஸ்ட் ஸைன் திஸ்’ என்றால் அதிகாரம். நம் ‘ணும்’ இரண்டுக்கும் பொது என்பதால்தான் அந்தப் பையன் மாட்டிக் கொண்டான்.

நம்மவர்கள் வழுக்கி விழும் இடங்கள் இன்னும் சில.

முதலாவது, ‘கொஞ்சம்’. ‘கொஞ்சம் நகருங்கோ’ என்பதில் கொஞ்சம் அளவைக் குறிப்பதல்ல, பணிவைக் குறிப்பது. ‘மூவ் எ லிட்டில்’ என்றால் அளவு மட்டும் போய்ச் சேரும், பணிவு போகாது. ‘குட் யூ மூவ் எ லிட்டில், ப்ளீஸ்?’ என்று சொல்ல வேண்டும்.

இரண்டாவது, ‘மே’. ‘மே ஐ கம் இன்?’ என்று நமக்காக அனுமதி கேட்கலாம். ‘மே யூ ஹெல்ப் மீ?’ என்பது வழக்கில்லை. பெரியவரைப் பார்த்து ‘யூ மே ஸிட்’ என்றால் அதிகாரி அனுமதி கொடுப்பது போல ஆகிவிடும். ‘ப்ளீஸ் ஹேவ் எ ஸீட்’ என்பதே அழகு.

மூன்றாவது, ‘வுட் யூ மைண்ட்’. ‘வுட் யூ மைண்ட் ஓபனிங் தி விண்டோ?’ என்றால் ‘ஜன்னலைத் திறப்பதில் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?’ என்று அர்த்தம். சம்மதமானால் ‘நோ, நாட் அட் ஆல்’ என்று பதில் சொல்ல வேண்டும். நம்மவர்கள் தலையை ஆட்டி ‘யெஸ், யெஸ்’ என்கிறார்கள். கேட்டவர் திகைத்து நிற்கிறார்.

நான்காவது, ‘பெட்டர்’. ‘ரெஸ்ட் எடுத்துண்டா தேவலை’ என்று நினைத்து ‘யூ ஹேட் பெட்டர் டேக் ரெஸ்ட்’ என்கிறோம். அதில் ‘இல்லாவிட்டால் பார்’ என்ற எச்சரிக்கை ஒளிந்திருக்கிறது. யோசனை சொல்வதானால் ‘யூ குட் டேக் ஸம் ரெஸ்ட்’, ‘யூ மைட் வாண்ட் டு டேக் ஸம் ரெஸ்ட்’. ‘ஷுட்’ என்றால் புத்திமதி, நெருங்கியவர்களிடம் மட்டும்.

ஐந்தாவது, மரியாதை என்று நினைத்து ‘வில்’ வர வேண்டிய இடத்தில் எல்லாம் ‘வுட்’ போடுவது. ‘ஐ வுட் பி கமிங் டுமாரோ’ என்றால், இவர் வருவாரா மாட்டாரா என்று கேட்பவருக்குச் சந்தேகம் வரும். வாக்குக் கொடுக்கும்போது ‘வில்’தான் மரியாதை.

யோசனை சொல்வதற்கு நம் தமிழிலேயே சாவி இருக்கிறது. ‘போகலாமா?’ – ‘ஷல் வி கோ?’ ‘பையை நான் எடுத்துண்டு வரட்டுமா?’ – ‘ஷல் ஐ கேரி யுவர் பேக்?’ ‘உட்காருங்கோளேன்’ – ‘ஒய் டோண்ட் யூ ஸிட் டவுன்?’ இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டு ‘ஏன் உட்காரவில்லை என்று கோபிக்கிறாரே’ என்று எண்ண வேண்டாம். நம் ‘ளேன்’தான் அங்கே ‘ஒய் டோண்ட் யூ’வாக வேஷம் போட்டிருக்கிறது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை சொல்லிவிட்டு முடிக்கிறேன். எல்லா நேரமும் மரியாதைக்கான நேரமல்ல. மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போன சாம்பியன் ரீஃப் போன்ற சுரங்கத்தில், பாறை வெடிக்கும் அபாயம் தெரிந்தால் ‘வுட் யூ மைண்ட்’ என்றா சொல்வது? ‘ஓடு’ என்பதுதான் அங்கே கருணை. 1990 ஜனவரி 25ந் தேதி கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த அவியாங்கா விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்து 73 பேர் மாண்டனர். நெடுநேரம் வானில் காத்திருக்க வைக்கப்பட்ட விமானிகள், எரிபொருள் குறைகிறது என்று சொன்னார்களே தவிர, ‘எமர்ஜென்ஸி’ என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. ஆகவே வெளிநாட்டில் பிள்ளை வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களே, நெஞ்சு வலி வந்தால் போனில் ‘ஐ வாஸ் வொண்டரிங்’ வேண்டாம். ‘செஸ்ட் பெயின். ஸெண்ட் ஆன் ஆம்புலன்ஸ்’ – போதும். யாரும் தப்பாக எடுத்துக் கொள்ள மாட்டார்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ‘குட் யூ’ என்று கேட்பது பணிந்து போவதல்ல. முடியாது என்று சொல்லும் உரிமையை எதிராளிக்குக் கொடுத்துவிட்டுக் கேட்கிறீர்கள். அதே உரிமை உங்களுக்கும் உண்டு என்பதும் அதில் அடக்கம். கட்டளையிலும் அது இல்லை, அந்தக் கால மனுவிலும் இல்லை. நம் ஊரில் எத்தனையோ பேர் வாழ்நாள் முழுவதும் மனு எழுதியே காலம் தள்ளினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, சமமாக, இனிமையாகக் கேட்டுப் பெற வேண்டும் என்பதே என் ஆசை.

வீட்டில் இன்றே ஆரம்பிக்கலாம். தாத்தா பேத்திக்கு ‘ங்கோ’ சொல்லிக் கொடுக்கட்டும், பேத்தி தாத்தாவுக்கு ‘குட் யூ’ சொல்லிக் கொடுக்கட்டும். இரண்டு பேருக்கும் லாபம்.