மருந்தறிதலும் அறமே

(மகாவீர் ஜெயந்தி விழாவில் நிகழ்ந்த மருத்துவ விழிப்புணர்வு உரை)



ஏலாதி, சிறுபஞ்சமூலம் என மருந்தின் பெயரையே நீதிநூலுக்குச் சூட்டியவர்கள் சமணச் சான்றோர். உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களுள் மருந்தும் ஒன்று. அம்மரபில் வந்த இல்லங்களிலும் ஆடவர் நாணத்தால் மறைக்கும் நோய் ஒன்றுண்டு. அது பிராஸ்டேட் புற்றுநோய். மறைத்தல் ஒரு பிழை. அறிந்தவுடன் அஞ்சி அவசரப்படுதல் மற்றொரு பிழை.

பிராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சூழ்ந்துள்ள சிறு சுரப்பி. முதுமையில் அது பருப்பது இயல்பு. இரவில் பலமுறை எழுவதற்குப் பெரும்பாலும் அப்பருமனே காரணம், புற்றுநோயன்று. தொடக்கநிலைப் புற்றுநோயோ பெரும்பாலும் எவ்வறிகுறியும் காட்டாது. பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனையில் அளவு மிகுந்திருப்பின் ஐயம் எழும். வீக்கத்தாலும் கிருமித் தொற்றாலும்கூட அவ்வளவு உயரும். எனவே எம்.ஆர்.ஐ. படமும் திசுப் பரிசோதனையும் கண்ட பின்னரே முடிவு கூற இயலும்.

திசுவின் தன்மையை கிளீசன் எண் உணர்த்தும். ஆறு எனில் மெல்ல வளர்வது. எட்டு முதல் பத்து வரை எனில் விரைந்து பரவக்கூடியது. மெல்ல வளரும் நோய்க்கு உடனே சிகிச்சை வேண்டுவதில்லை. குறித்த காலந்தோறும் பரிசோதித்து வருதலே போதும். இது கைவிடுதலன்று, விழிப்புடன் காத்தல்.

பிரிட்டனில், நோய் சுரப்பிக்குள் அடங்கியிருந்த 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்று பிரிவாக்கி ஆராய்ந்தனர். 15 ஆண்டுகளுக்குப் பின் 2023இல் வெளியான முடிவின்படி, எப்பிரிவிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 97 பேர் இந்நோயால் இறக்கவில்லை. ஆயினும் கண்காணிப்பில் இருந்தோருள் நூற்றுக்கு 9 பேருக்கு நோய் பரவியது. பிற பிரிவுகளில் அது 5 அளவே. கண்காணிப்பில் தொடங்கியோருள் பாதிக்கு மேற்பட்டோர் பின்னர் சிகிச்சை பெற்றனர்.

அறுவையில் சுரப்பி முழுவதும் அகற்றப்படும். சிறுநீர்க் கசிவும் தாம்பத்தியக் குறையும் நேரலாம். கதிர்வீச்சில் உடலைக் கீறுவதில்லை. ஆயினும் குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் எரிச்சல் உண்டாகலாம். நோய் எலும்பு முதலியவற்றிற்குப் பரவியிருப்பின், ஆண் சுரப்புநீரைக் குறைக்கும் ஊசியும் மாத்திரையுமே அடிப்படை. அவை நோயை நெடுங்காலம் அடக்கும். உடற்சோர்வும் எலும்புத் தேய்மானமும் தரும். ஆதலின் நடைப்பயிற்சி இன்றியமையாதது.

உபவாசம் மேற்கொள்வோர் ஒன்றைக் கருதல் வேண்டும். கதிர்வீச்சு நாள்களில் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க நீர் பருகச் சொல்வதுண்டு. நீரும் கொள்ளாத விரதத்தைச் சிகிச்சை தொடங்குமுன்னரே மருத்துவரிடம் தெரிவித்து, நாள்களை வகுத்துக்கொள்வது நலம்.

ஒரு பொருளைப் பல கோணங்களில் நோக்குக என்பது அநேகாந்தம். நோயின் எண் யாது, பரவியுளதா, காத்திருந்தால் என்னாகும், ஒவ்வொரு வழியின் பின்விளைவும் யாவை என மருத்துவரை வினவுக. அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர் இருவர் கருத்தையும் கேட்பது நன்று. உடன் ஒரு மகனோ மகளோ செல்லுதலும், மனைவியிடம் மறையாமையும் வேண்டும். ஐம்பது வயது கடந்தோர், தந்தைக்கோ உடன்பிறந்தார்க்கோ இந்நோய் இருந்தால் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கலந்தாலோசித்தல் தக்கது.

அச்சம் நீக்குதல் அபயதானம். இல்லத்து முதியவர்க்கு அதனை அளிக்க முதற்கண் வேண்டுவது, அவர் வாய்திறந்து சொல்லத்தக்க சூழலே.

அறம் வளர்க!