கடனில் மூழ்கிய வீடுகளும் ஒரு நகரசபையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்து, ரயில்வே ஆபீசில் குமாஸ்தாவாகக் காலந்தள்ளும் நாம் பொருளாதாரம் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், கடன் என்பது பண்டிதர்களுக்கு மட்டும் உரிய விஷயம் அன்று. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும் என்று அஞ்சி, நம்மில் பலர் பாங்கில் கடன்பட்டு இவ்வூரிலேயே வீடு வாங்கியிருக்கிறோம். ஆகையால், வீட்டுக் கடனால் வாடிய ஓர் அயல்நாட்டு நகரத்தின் கதையைச் சொல்ல விரும்புகிறோம்.

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாக் கரையில் ரிச்மண்ட் என்ற நகரம் இருக்கிறது. அதுவும் ரயிலால் வளர்ந்த ஊரே. 1900-ஆம் ஆண்டில் சாண்டா ஃபே ரயில் பாதை அங்கே வந்து முடிந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அங்கிருந்த கைசர் தளங்களில் 747 கப்பல்கள் கட்டப்பட்டன. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வாழும் உழைப்பாளிகளின் ஊர் அது.

2006-க்குப் பின்னர் அந்நாட்டில் வீட்டு விலைகள் சரிந்தன. ஆனால் கடன் சரியவில்லை. உதாரணமாக, 4 லட்சம் டாலர் கடன் உள்ள வீட்டை 2 லட்சத்துக்கு மேல் கேட்பார் இல்லை. விற்றாலும் கடன் தீராது. விற்காவிட்டாலும் தவணை கட்டி மாளாது. இத்தகைய வீட்டை அங்கே ‘நீரில் மூழ்கிய வீடு’ என்பார்கள். பாங்குகள் கைப்பற்றிய வீடுகள் பூட்டிக் கிடந்தன. முற்றத்தில் புல் மண்டியது. அண்டை வீட்டின் மதிப்பும், நகரசபையின் வரி வருமானமும் சேர்ந்தே தாழ்ந்தன.

கடனைக் குறைக்கும்படி கேட்கலாமே என்பீர்கள். யாரிடம் கேட்பது? கடன் கொடுத்தவர்கள் அவற்றை மொத்தமாகக் கட்டி, பங்கு பங்காகப் பல முதலீட்டாளர்களுக்கு விற்றுவிட்டார்கள். குறைக்கச் சம்மதிக்க வேண்டியவர் யார் என்பதே விளங்கவில்லை.

அப்பொழுதுதான் வீட்டுக்காரர்கள் ஒன்றுகூடி நகரசபையை நாடினார்கள். மேயர் கெய்ல் மெக்லாக்லின் அம்மையார் துணை நின்றார். ரயில் பாதைக்கு நிலம் வேண்டுமானால் சர்க்கார் நஷ்டஈடு கொடுத்து எடுத்துக்கொள்கிறது அல்லவா? அதே அதிகாரத்தால், நிலத்தை அன்று, கடனையே நியாய விலைக்கு எடுத்துக்கொண்டு, வீட்டின் அன்றைய மதிப்புக்கு ஏற்பக் குறைத்து எழுதுவது என்பதே திட்டம். பணம் திரட்டித் தர ஒரு தனியார் கம்பெனி முன்வந்தது. 2013 ஜூலையில் 624 கடன்களை வாங்குவதாக நகரம் கடிதம் அனுப்பியது.

பாங்குகள் வழக்குத் தொடுத்தன. இனி இவ்வூராருக்குக் கடன் கிடைக்காது என்ற அச்சம் எழுந்தது. தனியார் கம்பெனிக்கு லாபம் ஏன் என்று கேட்டவர்களும் உண்டு. அது நியாயமற்ற கேள்வி அன்று. செப்டம்பர் 10-ஆம் தேதி மாலை கூடிய நகரசபை நள்ளிரவைக் கடந்தும் கலையவில்லை. ஜனங்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து பேசினார்கள். திட்டத்தைத் தொடர 4 பேர் சம்மதித்தார்கள். 3 பேர் மறுத்தார்கள். ஆனால் கடனைக் கையகப்படுத்த 7 பேரில் 5 பேர் இசைய வேண்டும். ஐந்தாவது கை உயரவே இல்லை. ஒரு கடன்கூட எடுக்கப்படவில்லை.

நிற்க. தோற்ற கதையை விழா மேடையில் சொல்வானேன்? நமது காலனியில் சென்ற ஆண்டு ஒரு குடும்பம் வீட்டை இழந்தது. 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாங்கு முதலில் 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்புகிறது. அந்த 60 நாளும் அவர்கள் நம்மோடு பஜனையில் அமர்ந்தார்கள், பொங்கலில் பரிமாறினார்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. கதவில் பூட்டு விழுந்த பின்னரே அறிந்தோம். ரிச்மண்ட் மக்கள் தோற்றாலும், தம் கடனைச் சபை நடுவே சொல்ல வெட்கப்படவில்லை. நாமோ முயலாமலே தோற்றோம்.

ஆகவே, பாங்கு விவகாரம் அறிந்த மூவர் கொண்ட குழு ஒன்றைச் சங்கம் இன்றே அமைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். நோட்டீஸ் வந்தவர் அதை அக்குழுவிடம் கொண்டுவரட்டும். விஷயம் வெளியே போகாது. பாங்கு மானேஜரிடமும், வேண்டுமானால் நகரசபை அங்கத்தினரிடமும், அவரோடு நாமும் செல்வோம். நம்மிடையே ஐந்தாவது கை தயங்காமல் உயரட்டும்.