ஜானகி அம்மாவும் அவரோடு போன தோட்டத்துப் பெண்களும்



ஜானகி ஆதி நாகப்பன் அம்மா 2014 மே 9ஆம் தேதி, தமது 89ஆம் வயதில் காலமானார். இங்குள்ள இளைஞர்களில் பலருக்கு அந்தப் பெயர் தெரியாது. அது உங்கள் தவறில்லை. பெரியவர்களாகிய நாங்கள் சொல்லித் தரவில்லை.

கோலாலம்பூரில் வசதியான வீட்டுப் பிள்ளை அவர். 1943ல் நேதாஜியின் பேச்சைக் கேட்டு, காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்! பிறகு ராணி ஜான்சி படையில் சேர வேண்டும் என்றார். கேப்டன் லட்சுமி நேரில் வந்து பேசிய பிறகுதான் அப்பா சம்மதித்தார். 1945 ஏப்ரலில் படை ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, பகலில் விமானங்களுக்குப் பயந்து மறைந்து, இரவில் நடந்து, பெண்களைப் பாங்காக் வரை கொண்டுவந்து சேர்த்தவர்களில் அவரும் ஒருவர். அப்போது வயது 20தான். 1946ல் ம.இ.கா. தொடங்கியவர்களில் ஒருவர், பிறகு மேலவை உறுப்பினர், 2000ல் பத்மஸ்ரீ.

இதெல்லாம் பத்திரிகையில் வந்த செய்தி. வராததைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

அந்தப் படையில் பலர் நம் தோட்டத்துப் பெண்கள். பால்மரம் வெட்டியவர்கள். இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவர்கள். நாட்டுப்பற்று மட்டும்தானா? ஜப்பான்காரன் காலத்தில் லயத்தில் அரிசி இல்லை, ஆண்களைச் சயாம் ரயிலுக்குப் பிடித்துப் போனார்கள். படையில் சோறும் இருந்தது, மரியாதையும் இருந்தது. இதைச் சொல்வதில் வெட்கமில்லை.

நான் வழக்கறிஞரான புதிதில் ஒரு பாட்டி சிவப்பு ஐ.சி.யோடு வந்தார். மெர்டேக்காவுக்கு முன் பிறந்த நம்மவர் பலருக்குக் குடியுரிமை தானாகக் கிடைக்கவில்லை, மனுப் போட வேண்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு யார் போட்டுக் கொடுத்தார்கள்? பேச்சுவாக்கில், "சிங்கப்பூருல துப்பாக்கி பிடிச்சேன் தம்பி, காகிதம் ஒண்ணும் குடுக்கல" என்றார். நான் அதைக் குறித்துக்கூட வைக்கவில்லை. பிறந்த தேதியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். பதில் வருவதற்குள் அவர் போய்விட்டார். மகள் அந்தச் சிவப்பு ஐ.சி.யை மேசையில் வைத்து, "இதை என்ன சார் செய்யறது?" என்று கேட்டார்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். வீட்டில் சிவப்பு ஐ.சி. பெரியவர்கள் இருந்தால் அழைத்து வாருங்கள். பிறப்புப் பத்திரம் இல்லையா, பரவாயில்லை. பழைய செக்ரோல், பள்ளிச் சான்றிதழ், எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். இந்தமுறை அவர்கள் சொல்வதையும் எழுதிக்கொள்கிறேன்.