ஊர்ப்பெயர் எழுதிய துணித்துண்டு



1873இல் வியன்னாவில் உலகக் கண்காட்சி நடந்தது. அதற்கு அழைப்புப் போனபோது வெளிநாட்டுக் கண்டுபிடிப்பாளர்கள் பலர் பின்வாங்கினார்கள். எங்கள் இயந்திரத்தை அங்கே கொண்டுவந்து வைத்தால், பார்க்க வருகிறவன் நகலெடுத்துக்கொண்டு போய்விடுவானே என்பது அவர்களுடைய பயம். ஆஸ்திரிய அரசு தற்காலிகப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றைப் போட்டு அவர்களைச் சமாதானப்படுத்தியது. அந்தப் பேச்சு அதோடு நிற்கவில்லை. பத்து ஆண்டு கழித்து, 1883இல், 11 நாடுகள் பாரிஸில் கூடித் தொழில்சார் சொத்துரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. காப்புரிமை, வணிகச் சின்னம், வடிவமைப்பு இவற்றுக்கெல்லாம் எல்லை தாண்டிய காவல் அங்கேதான் பிறந்தது. சர்வதேசக் கண்காட்சியில் வைக்கப்படும் பொருளுக்குத் தற்காலிகப் பாதுகாப்புத் தர வேண்டும் என்று அதன் 11ஆம் பிரிவு இன்றும் சொல்கிறது.

அதே காலத்தில் நம் தறிகளுக்கு என்ன நடந்தது?

1855இல் பாரிஸில் நடந்த கண்காட்சிக்கு இந்தியாவிலிருந்து ஏராளமான துணிகள் போயின. பின்னர் அவை லண்டனில் இருந்த இந்திய அருங்காட்சியகக் கிடங்குக்கு வந்து சேர்ந்தன. ஃபோர்ப்ஸ் வாட்சன் என்ற அதிகாரி அந்தக் கிடங்கின் துணிகளைக் கத்தரித்து, 700 மாதிரிகளை 18 தொகுதிகளாக 1866இல் வெளியிட்டார். மொத்தம் 20 படிகள். அவற்றில் 13 பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு. மான்செஸ்டர், கிளாஸ்கோ போன்ற ஆலை நகரங்கள் இந்திய மக்கள் எதை உடுத்துகிறார்கள் என்று துண்டைத் தொட்டுப் பார்த்தே கற்றுக்கொண்டு, அதேபோல நெய்து இங்கே விற்க வேண்டும் என்பது நோக்கம். இதை அவர் ஒளிக்கவில்லை, வெளிப்படையாகவே எழுதினார். புடவை, வேட்டி, தலைப்பாகை எல்லாம் தறியிலிருந்து இறங்கியபடியே உடுத்தப்படுபவை. ஆகவே நீளமும் அகலமும் கரையும் முந்தியும் பிசகாமல் இருக்க வேண்டும் என்று ஆலைக்காரர்களுக்குப் பாடமே நடத்தினார். வியன்னாக் கண்காட்சியின் இந்தியப் பிரிவுக்குப் பட்டியல் தொகுத்தவரும் இதே வாட்சன்தான்.

ஒவ்வொரு துண்டின் பக்கத்திலும் நீளம், அகலம், எடை, விலை, ஊர் ஆகிய விவரங்கள் உண்டு. நெய்தவர் பெயர் இல்லை.

பெயரைப் பதிந்து வைப்பது நமக்குப் புதிதல்ல. திருச்சிக்கு அருகே எங்கள் திருவெள்ளறையில் சுவஸ்திக வடிவில் ஒரு கிணறு இருக்கிறது. நான்கு பக்கமும் படி இறங்கும்; ஒரு துறையில் குளிப்பவரை மற்றத் துறையிலிருந்து பார்க்க முடியாது. சுமார் கி.பி. 800இல், பல்லவன் தந்திவர்மன் காலத்தில் வெட்டியது. ஆலம்பாக்கத்துக் கம்பன் அரையன் இதை எடுப்பித்தான் என்பதையும், மன்னனின் நான்காம் ஆட்சியாண்டில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் முடித்தான் என்பதையும் கல்வெட்டு சொல்கிறது. செய்வித்தவர் பெயரைக் கல்லில் வைத்த மண் இது. அந்தக் கல்லில்கூட மண் சுமந்த கைகளின் பெயர் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாரிஸ் ஒப்பந்தம் ஒருவரின் பெயரைக் கேட்டது; புதுமையைக் கேட்டது. பாட்டன் போட்ட கரையையே பேரனும் போடும் தறிக்கு இந்த இரண்டுமே பொருந்தாது. திருச்சியின் உறையூரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்பயணக் குறிப்பான பெரிப்ளுஸ், அர்காரு என்ற ஊரின் மெல்லிய துணியைப் பேசுகிறது. அது உறையூர்தான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். 1960களில் சென்னைப் பல்கலைக்கழகம் அங்கே அகழ்ந்தபோது சாயத்தொட்டி ஒன்று வெளிப்பட்டது. இத்தனை தலைமுறையாகத் தொடர்ந்து வந்த நெசவில் 'இது என் கண்டுபிடிப்பு' என்று யார் போய் விண்ணப்பம் கொடுப்பது? வியன்னாவில் இயந்திரக்காரரின் பயத்துக்குச் சட்டம் கிடைத்தது. நெசவாளருக்கு நிஜமாகவே நடந்த நகலெடுப்பை அரசே முன்னின்று நடத்தியது. இந்த அநியாயத்தை நாம் மறக்கக் கூடாது என்றே நினைக்கிறேன்.

பாரிஸ் ஒப்பந்தத்தில் பிரிட்டன் 1884இல் சேர்ந்தது. இந்தியா சேர்ந்தது 1998இல். அதற்கு அடுத்த ஆண்டு நம் நாடாளுமன்றம் புவிசார் குறியீட்டுச் சட்டத்தை இயற்றியது. 2003இல் அது நடைமுறைக்கு வந்தது. தனி ஆளின் புதுமையைக் கேட்காமல் ஊரையும் அந்த ஊரின் கைப்பக்குவத்தையும் பார்க்கும் சட்டம் இது. வாட்சன் நகலெடுப்பதற்கு அடையாளமாக எழுதிவைத்த அதே ஊர்ப்பெயர், இப்போது நகலெடுப்பவர் அந்தப் பெயரில் விற்பதைத் தடுக்கும் உரிமையாகிவிட்டது. போலியாக அந்தப் பெயரைப் போட்டு விற்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. காஞ்சிபுரம் பட்டு இந்தப் பதிவேட்டில் இருக்கிறது. நம் திருச்சி மாவட்டத்து மணப்பாறை முறுக்கும் 2023இல் ஏறியது.

அந்தப் பதிவேட்டுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதியில் பொருளும் ஊரும் இருக்கும். இரண்டாவதில், அந்தப் பெயரைப் பயன்படுத்த உரிமை பெற்ற உற்பத்தியாளர்களின் பெயர்கள் வரும். தறியில் உட்காருபவர் தாமே அதில் பதிந்துகொள்ளலாம். பாவு ஓட்டவும் நாடா எறியவுமே பொழுது போதாத ஒருவர் படிவத்தோடு அலைய முடியாது. கூட்டுறவுச் சங்கங்கள் அந்த விண்ணப்பங்களை எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு பெயரும் ஏறும்வரை கூட நிற்க வேண்டும் என்று இந்த வானொலி வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.