சுற்றும் கணக்கும்



குற்றாலத்து மழையளவு நாள்தோறும் அங்குலத்தில் குறிக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அதனை மில்லிமீட்டராக்க, ஆர் என்னும் கணினி மொழியில் 'லூப்' எனும் சுற்றை ஓட்டி, நாளுக்கொரு விடையாகப் பட்டியலோடு ஒட்டினால், ஒவ்வொரு முறையும் பழைய பட்டியல் முழுவதும் படியெடுக்கப்படுகிறது. 365 நாட்களுக்குத் தாமதம் தெரியாது. தென்காசி மாவட்டத்தின் பல்லாண்டுப் பதிவுகள் இலட்சங்களாகப் பெருகுங்கால் தெரியும்.

பட்டியல் முழுவதையும் ஒரே கட்டளையில் 25.4 ஆல் பெருக்குவதே செம்மையான வழி. அப்போதும் சுற்று நடைபெறுகிறது. ஆயின் விரைவான சி நிரலுக்குள் நடைபெறுகிறது. நேற்றைய விடையை இன்றைய கணக்கு சார்ந்திருக்குமிடத்தில் சுற்று தேவைப்படலாம். அங்கு விடைகளுக்குரிய இடத்தை முன்னரே ஒதுக்குவோம்.

1990களில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இகாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகியோர் உருவாக்கிய இம்மொழி விலையின்றிக் கிடைக்கிறது. ஏழைக்கு எட்டாத கருவியன்று. நம்மைப் பற்றிய கணக்கைப் பிறர் சொல்லக் கேட்டிருந்தோம். இனி நாமே போடுவோம்!