நன்றியும் நடுவுநிலைமையும்



பத்தாம் ஆண்டினையொட்டி நம் வட்டத்தின் பெயரால் ஓர் அறக்கட்டளை நிறுவுவதென்றும், பதவியிலுள்ள நீதியரசர் ஒருவரை அதற்குப் புரவலராக்கி அவர் பெயரை நன்கொடைச் சீட்டில் அச்சிடுவதென்றும் சென்ற கூட்டத்தில் ஒரு யோசனை எழுந்தது. நல்லெண்ணத்தில் பிறந்த யோசனைதான். எனினும் அதனை ஏற்பதற்குமுன் நாம் எண்ணிப் பார்க்கவேண்டியது ஒன்றுண்டு.

திருக்குறளில் செங்கோன்மை பொருட்பாலில் இருக்கிறது. நடுவுநிலைமையோ அறத்துப்பாலில், இல்லறவியலில், செய்ந்நன்றியறிதலை அடுத்து நிற்கிறது. இவ்வைப்புமுறைக்குப் பரிமேலழகர் காரணம் காட்டுகிறார். நன்மை செய்தாரிடத்து அந்நன்றியை நினைக்கும்போது நடுவுநிலை சிதையக்கூடும். அவ்விடத்தும் அது சிதையலாகாது என்பதற்காகவே பின்வைக்கப்பட்டது என்பது அவர் கருத்து. வகுப்பில் இவ்விடம் வரும்போதெல்லாம் நான் சற்று நின்றே செல்வேன். பகையாலும் பொருளாசையாலும் நீதி கோணுவதை யாரும் அறிவர். நற்குணம் ஒன்றாலேயே அது கோணக்கூடும் என்று கண்டது உரையாசிரியரின் நுண்மை.

இந்நுண்மையை நினைவூட்டும் வழக்கொன்று இலண்டனில் நடந்தது. சிலி நாட்டில் 1973 செப்டம்பர் 11-இல் படைபலத்தால் ஆட்சியைக் கைப்பற்றி 1990 வரை ஆண்டவர் பினோசே. ஸ்பெயின் நீதிபதி ஒருவரின் வேண்டுகோளின்பேரில் அவர் 1998 அக்டோபர் 16-இல் இலண்டனில் கைதானார். முன்னாள் அரசுத் தலைவர் என்ற முறையில் அவருக்கு விலக்குரிமை உண்டா என்ற வினா, பிரிட்டனில் அன்று இறுதி மேல்முறையீட்டு மன்றமாக விளங்கிய பிரபுக்கள் சபைக்குச் சென்றது. சர்வதேச மன்னிப்புச் சபையும் அனுமதி பெற்று அங்கே வாதிட்டது. இருவர் மறுக்க, மூவர் விலக்குரிமை இல்லையென்று நவம்பர் 25-இல் தீர்ப்பளித்தனர். அம்மூவருள் ஒருவர் ஹாஃப்மன் பிரபு.

மன்னிப்புச் சபையின் முழுக் கட்டுப்பாட்டில் இயங்கிய அறநிறுவனம் ஒன்றிற்கு ஹாஃப்மன் இயக்குநராகவும் தலைவராகவும் இருந்தார் என்பது தீர்ப்புக்குப் பின்னரே எதிர்த்தரப்புக்குத் தெரியவந்தது. அப்பணிக்கு அவர் ஊதியமாக ஒரு காசும் பெறவில்லை. ஆயினும் விசாரணையின்போது அதனை அவர் அவையில் எடுத்துரைக்கவில்லை.

வேறு ஐவர் கூடி, டிசம்பர் 17-இல் அத்தீர்ப்பை ஒருமனதாக நீக்கினர். வழக்கில் பொருள்நலன் உடைய நீதிபதி விலகவேண்டும் என்பது பழைய விதி. கால்வாய்க் கம்பெனி ஒன்றில் பங்கு வைத்திருந்த காட்டன்ஹாம் பிரபு அக்கம்பெனிக்குச் சாதகமாக அளித்த தீர்ப்பு 1852-இல் அவ்விதியால் வீழ்ந்தது. பணம் கைமாறாவிடினும், வழக்காடும் தரப்பொன்றோடு சேர்ந்து ஒரு கொள்கையை வளர்க்கும் நிறுவனத்தில் நீதிபதி இயக்குநராயின் அவ்விதி பொருந்தும் என்று இப்போது விரித்தனர். ஹாஃப்மன் உண்மையில் ஒருதலையாக நடந்தார் என்று யாரும் குற்றம் சாட்டவில்லை. சாட்ட வேண்டிய தேவையும் இல்லை. நீதிபதிகள் அறப்பணியே செய்யலாகாது என்றும் அத்தீர்ப்பு சொல்லவில்லை. அத்தகைய நெருக்கம் உள்ளவர் விலகட்டும், அல்லது முன்கூட்டியே சொல்லட்டும் என்றது, அவ்வளவே.

என் நெஞ்சை உறுத்துவது அதன் பின்விளைவு. மறுவிசாரணையில் எழுவருள் அறுவர் 1999 மார்ச் 24-இல் பினோசேக்கு முழு விலக்குரிமை இல்லையென்றே கூறினர். ஆனால் இம்முறை காலவரையறை குறுக்கே நின்றது. 1988-இன் பிற்பகுதிக்கு முற்பட்ட சித்திரவதைக் குற்றச்சாட்டுகளுள் பெரும்பாலானவை உதிர்ந்துபோயின. ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் வதைபட்டோரின் முறையீடு அவற்றோடு போயிற்று. பினோசே 2000 மார்ச்சில் உடல்நலக் குறைவைக் காட்டித் தாயகம் திரும்பினார். தண்டனை எதுவும் பெறாமலே 2006-இல் இறந்தார். வதைபட்டோர்க்காகப் பாடுபட்ட ஒரு சபையின் நண்பர், ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டதால் அவர்கள் மீண்டும் அவையேற நேர்ந்தது.

நம் உச்ச நீதிமன்றமும் 1997 மே 7-இல் நீதிபதிகளின் வாழ்வுநெறிகளை வகுத்து ஏற்றுக்கொண்டது. சட்டத் தொடர்புடையவை அல்லாத சங்கங்களில் தேர்தல்வழிப் பதவி வகிக்கலாகாது. எந்த நோக்கத்திற்காயினும் நிதி திரட்டுவதில் முனைந்து ஈடுபடலாகாது என்பன அவற்றுள் இரண்டு. ‘எந்த நோக்கத்திற்காயினும்’ என்பதனுள் தமிழ்த்தொண்டும் அடங்கும் என்றே நான் பொருள் கொள்கிறேன்.

நீதிபதியர்க்கும் தமிழுக்கும் உள்ள உறவை அறுக்க நான் சொல்லவில்லை. நீதியரசர் மு.மு. இஸ்மாயிலை ஒதுக்கிவிட்டு நம் காலத்துக் கம்பன் ஆய்வைப் பேச முடியுமா? நீதியரசரை மேடைக்கு அழைப்போம், அவர் புலமையைக் கேட்போம். நன்கொடைச் சீட்டு வேறு. தம் வழக்கு நாளை அவர்முன் வரும் என்றெண்ணி வணிகர் ஒருவர் தொகையைக் கூட்டி எழுதினால், அப்பணத்தை நம் பொருளாளர் எந்தத் தலைப்பில் வரவு வைப்பார்?

அறக்கட்டளைப் பத்திரத்தின் வரைவு செயலாளரிடம் இருக்கிறது. புரவலர் பெயருக்கான இடம் இன்னும் நிரப்பப்படவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் அதனை முதற்பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு வேண்டி அமைகிறேன்.